பாங்கொக்கில் பதிந்த குரல்

நான் பாங்கொக்குக்குப் போய் வந்ததை பாரிசின் லா சப்பலில் அப்போது இருந்த பலர் இன்றைக்கும் ஒரு பகிடியாகத்தான் நினைத்திருக்கிறார்கள். உணவகத்தில் கோப்பை கழுவுகிற ஒருவன் ஓகஸ்ட் விடுமுறைக்குத் தோளில் பையை மாட்டிக்கொண்டு, வெள்ளைக்கார மாணவர்கள் போகிற இடத்துக்கு உல்லாசப் பயணம் போனானாம். நான் அதை மறுத்துச் சொன்னதில்லை. நாலு பேர் நடுவில் வாய் திறந்து ஒன்றை விளக்கிச் சொல்ல எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு கடல். அதன் பிறகு பாரிஸ். பேசுவதைவிட எழுதுவது லேசாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. லா சப்பலில் எங்கள் கடைகள் இரண்டு மூன்றுதான் வந்திருந்தன. மேலே இரும்புப் பாலத்தில் மெத்ரோ ஓடும். கீழே பாலத்தின் நிழலில் வேலை தேடுகிறவர்களும் அறை தேடுகிறவர்களும் ஊர்ச் செய்தி விசாரிக்கிறவர்களும் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி நிற்பார்கள். அந்தப் பாலத்துக்கும் கார் து நோர் ரயில் நிலையத்துக்கும் இடையில், ஒரு பழைய கட்டடத்தின் ஆறாம் மாடியில் எங்கள் அறை. கூரை சரிந்து இறங்குகிற அறை. ஒரு பக்கத்தில் நிமிர்ந்து நிற்க முடியாது.

மூன்று பேர் இருந்தோம். ஒருவன் மன்னார்க் கரையில் என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைந்தவன். அவனுக்கு ஒரு தம்பி இருந்ததால் இவனை மூத்தவன் என்றும் தம்பியை இளையவன் என்றும் எழுதுகிறேன். மற்றவன் யாழ்ப்பாணத்துப் பொடியன், லா கூர்னெவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை. எதையும் பகிடியாக்கிவிடுவான். அவனைப் பகிடிக்காரன் என்றே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதில் கசெற்றில் பேசித்தான் அனுப்புவோம். அங்கிருந்தும் கசெற்றில்தான் பதில் வரும். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு சிறிய றெக்கோடர் வைத்திருந்தோம். ஒருவன் பேசிப் பதிகிறபோது மற்ற இரண்டு பேரும் வெளியே போய்ப் படிக்கட்டில் இருக்க வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை. தாயோடு பேசுகிறவனுக்குப் பக்கத்தில் ஆள் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். படிக்கட்டு பகலிலும் இருட்டு. சுவரில் உள்ள பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். அழுத்தி அழுத்தி உட்கார்ந்திருப்போம்.

நான் என் அக்காவுக்குப் பதிகிற நாளில் கதவு சீக்கிரம் திறந்துவிடும்.

"என்ன அண்ணை, அதுக்குள்ள முடிஞ்சுதோ? வெறும் காத்தைத்தானே பதிஞ்சு அனுப்புறியள்?" என்பான் பகிடிக்காரன். "பரவாயில்லை, அக்காவும் பாரிஸ் காத்துப் படட்டும்."

இளையவன் பிரான்சுக்கு வரப் புறப்பட்டவன். ஏஜென்சிக்காரன் அவனைப் பாங்கொக் வரை கொண்டுபோய், கடவுச்சீட்டையும் வாங்கிக்கொண்டு காணாமல் போய்விட்டான். விசா முடிந்த பிறகும் அங்கே நின்றான் என்று பொலிஸ் பிடித்துத் தடுப்பு முகாமில் போட்டது. தண்டத்தையும் திரும்பிப் போகிற ரிக்கற்றையும் கொடுத்தால் விடுவார்கள். ஆனால் ரிக்கற் கொழும்புக்குத்தான். அந்த வருடங்களில் கொழும்பு விமான நிலையத்தில் இறங்குகிற ஒரு தமிழ்ப் பொடியன் வீடு வந்து சேர்வான் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் இளையவன் உள்ளேயே இருந்தான். அவனிடமிருந்து எப்போதாவது கடிதம் வரும். அவனுக்கு எழுத்து ஓடாது. உள்ளே இருந்த வேறு யாரோதான் எழுதிக் கொடுப்பார்கள்.

அந்தச் சமயம் பாங்கொக் போய்த் திரும்பிய ஒருவன் ஊரில் ஒரு கதை சொல்லியிருக்கிறான். மன்னார்க் கரைப் பொடியன் ஒருவன் முகாமுக்குள் காய்ச்சலில் செத்துப்போனானாம். பெயர் தெரியாதாம். அது தாயின் காதுக்குப் போய்விட்டது. அவர் அனுப்பிய கசெற்றை மூத்தவன் முதலில் தனியாகக் கேட்டான். பிறகு எங்களைப் படிக்கட்டிலிருந்து கூப்பிட்டு, திரும்பப் போட்டான்.

"நீ இருக்கிறான் எண்டுறாய். வந்தவன் ஒருத்தன் செத்துப்போனான் எண்டுறான். கடிதத்தை ஆரும் எழுதலாம் மோனை. செத்தவனுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறதோ, இருக்கிறவனுக்கு நேர்த்தி வைக்கிறதோ எண்டு தெரியாமல் ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயில் வாசலில நிண்டு போட்டு வாறன். எனக்கு அவன்ர குரல் வேணும். அவன்ர வாயால ஒரு சொல்லு. அதைக் கேட்டாத்தான் நான் நம்புவன்."

கசெற் ஓடி முடிந்து, டக்கென்று நின்றது. மூத்தவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள், அவன் மேல்முறையீடு செய்திருந்தான். பகிடிக்காரனிடம் இருந்தது மாதக்கணக்கில் புதுப்பிக்கிற ஒரு காகிதம். என்னிடம் மட்டும்தான் அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம் இருந்தது. இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று அதில் அடித்திருப்பார்கள். மூத்தவன் என்னைப் பார்க்கவில்லை. என் பெட்டி இருந்த மூலையைப் பார்த்தான்.

பகிடிக்காரன்தான் வாயைத் திறந்தான். "அண்ணையிட்டைப் புத்தகம் இருக்கு. ஆனா அண்ணை பாண் கடையிலயே விரலாலதான் கதைக்கிறவர். பாங்கொக்கில போய் என்னத்தைக் கதைக்கப்போறார்?"

"அண்ணை கதைக்கத் தேவையில்லை," என்றான் மூத்தவன். "அவன் கதைப்பான். அண்ணை பதிஞ்சு கொண்டு வந்தாக் காணும்."

நான் "ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

நான் வேலை செய்த உணவகம் ஓகஸ்டில் பூட்டுவார்கள். அங்கே மேசைக்கு உணவு கொண்டுபோகிற பிரெஞ்சுப் பொடியன் ஒருவன் முந்திய வருடம் பாங்கொக் போய் வந்தவன். நான் போகிறேன் என்று தெரிந்ததும் கழுவுகிற தொட்டிக்கு வந்து என் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினான். அடுத்த நாள் தன்னுடைய பெரிய முதுகுப் பையைக் கொண்டுவந்து தந்தான். மலிவான விடுதிகள் இருக்கிற தெருவுக்குப் படம் கீறித் தந்தான். "கடற்கரை, கடற்கரை," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கடற்கரையில் முப்பது வருடம் இருந்துவிட்டுத்தான் இங்கே வந்தேன் என்று சொல்ல என் பிரெஞ்சு போதவில்லை. சிரித்து வைத்தேன். உல்லாசப் பயணம் என்ற கதை அங்கிருந்துதான் லா சப்பல் வரைக்கும் பரவியிருக்க வேண்டும்.

இருப்பதில் மலிவான ரிக்கற் என்பதால் விமானம் ஒரு குளிர் நாட்டில் இறக்கி, விமான நிலைய வாங்கில் இரவெல்லாம் இருத்தி வைத்துத்தான் ஏற்றியது. பாங்கொக்கில் என் புத்தகத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிரான்ஸ் கொடுத்த புத்தகம், ஆனால் பிரெஞ்சுக்காரன் இல்லை. ஓர் ஓரமாக நிற்க வைத்தார்கள். நான் நின்றேன். நிற்பது எனக்குத் தெரிந்த வேலை. கடைசியில் ஒருவர் முதுகுப் பையைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார், முத்திரை குத்தினார்கள்.

விடுதியில் அறைக்கு அறை ஒட்டுப்பலகைச் சுவர். மேலே ஒரு காற்றாடி, கீழே ஒரு மெத்தை, தாழ்வாரத்தின் கடைசியில் எல்லோருக்கும் ஒரு குளியலறை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாசலில் நிலத்தில் இருந்து, எந்தத் தீவு மலிவு, எந்தப் பஸ் மலிவு என்று வரைபடத்தை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தாடி வைத்த ஒருவன் என்னைப் பார்த்து "இந்தியா?" என்று கேட்டான். "பிரான்ஸ்," என்றேன். நல்ல பகிடி என்று நினைத்து என் தோளில் தட்டினான். அவர்களுக்கு அந்த ஊர் பிடித்திருந்தது. எனக்கு அந்த ஊரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கும் வெயிலும் வாகனப் புகையும் பொரிக்கிற எண்ணெயும் வாய்க்கால் நாற்றமும்தான். பொன் பூசிய கோபுரங்கள் உள்ள ஒரு பெரிய கோயிலின் பின்பக்கத்தை முச்சக்கர வண்டியிலிருந்து பார்த்தேன்.

முகாமுக்கு முன்னால் பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். பார்க்க வேண்டியவனின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். மூத்தவன் எழுதித் தந்த துண்டைப் பார்த்து, எனக்கு முன்னால் நின்ற வயதான வெள்ளைக்காரப் பெண்மணி எனக்காக எழுதிக் கொடுத்தார். வாசலில் ஒரு மேசை. பையை அங்கே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பைக்குள் றெக்கோடர். நான் அதைக் காட்டி ஏதோ சொல்ல முயன்றேன். காவல்காரன் கையை வீசி, போ என்றான். போனேன்.

உள்ளே நான் நினைத்தது போல ஒரு மேசையும் இரண்டு கதிரையும் இல்லை. இந்தப் பக்கம் ஒரு கம்பிவலை, அந்தப் பக்கம் இன்னொரு கம்பிவலை, நடுவில் காவல்காரன் நடந்து திரிகிற இடைவெளி. அந்தப் பக்க வலையில் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். இந்தப் பக்கமும் அப்படியே. பர்மாக்காரர், வங்காளிகள், ஆபிரிக்கர், இன்னும் எந்தெந்த நாட்டுக்காரர்களோ, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவன் கத்துவதால் அடுத்தவன் இன்னும் கூடக் கத்தினான்.

இளையவனை நான் முன்பு பார்த்ததில்லை. மூத்தவனின் மூக்கும் நெற்றியும் இருந்ததால் கண்டுபிடித்தேன். இருபத்திரண்டு வயதுப் பொடியன். யாருடையதோ ஒரு பெரிய சேட்டுக்குள் நின்றான். கழுத்திலும் கையிலும் சொறிந்து சொறிந்து புண்ணாகி இருந்தது. அவன் கண்கள் என்னில் பட்டு, விலகி, வேறு யாரையோ தேடின. நான் கையைத் தூக்கினேன்.

"நான் உன்ர அண்ணன்ர அறையில இருக்கிறனான்," என்றேன்.

அவன் காதைத் திருப்பிக் காட்டினான். நான் திரும்பச் சொன்னேன். என் பக்கத்தில் நின்ற ஆளுக்கே கேட்டிருக்காது. என் குரல் அவ்வளவுதான். அவனுடைய குரல் மட்டும் துண்டு துண்டாக எனக்கு வந்தது.

"அண்ணை, வாய் அசையுது, சத்தம் வரேல்லை! மீன் மாதிரி!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். பிறகு அவன் சிரிப்பை விட்டுவிட்டு, கொழும்புக்கு மட்டும் அனுப்பவேண்டாம் என்று கையால் கழுத்தை அறுத்துக் காட்டினான். மணி அடித்தது. எல்லோரையும் வெளியே தள்ளினார்கள்.

அன்றைக்கு முழுவதும் அந்த ஒட்டுப்பலகை அறையில் படுத்திருந்து யோசித்தேன். பையைப் பார்த்தார்கள், உடம்பைத் தடவிப் பார்க்கவில்லை. துவாயைக் கிழித்து றெக்கோடரை வயிற்றோடு கட்டினால் தளர்ந்த சேட்டுக்கு மேலே தெரியாது. ஆனால் உள்ளே நின்று சேட்டைத் தூக்கிப் பொத்தானை அழுத்த முடியாது. வெளியிலேயே அழுத்திவிட்டுத்தான் போக வேண்டும். கசெற்றின் ஒரு பக்கம் அரை மணித்தியாலம். முடிந்தால் டக்கென்று பெரிய சத்தத்தோடு நிற்கும். அதற்குள் அவன் பேச வேண்டும்.

அடுத்த பார்வை நாளில், வரிசை உள்ளே நகரத் தொடங்கிய பிறகு, ஒரு நூடில்ஸ் வண்டிக்குப் பின்னால் போய் அழுத்தினேன். ஓடிவந்து வரிசையில் சேர்ந்தேன். அன்று பார்த்து வரிசை நின்றுவிட்டது. முன்னால் ஒரு பெண்ணின் பத்திரத்தில் ஏதோ பிழை. காவல்காரன் இன்னொருவனைக் கூப்பிட, அவன் வேறொருவனைக் கூப்பிட, என் வயிற்றில் கசெற் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சின்ன அதிர்வு தோலில் தெரிந்தது. உள்ளே போய்ச் சேர்ந்தபோது எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இளையவன் இந்தமுறை வலைக்கு முன்னாலேயே நின்றான். நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். பிறகு, என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் செய்யாத ஒன்றைச் செய்தேன். கத்தினேன்.

"கொம்மாவுக்கு உன்ர குரல் வேணுமாம்! பதியுது! கதை!"

"ஆருக்கு?"

"கொம்மாவுக்கு! செத்துப்போனாய் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா! கதை!"

அவன் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. அம்மா என்று வாய் போனது எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் எனக்குக் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒருவர் தன் மகளின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார். "கூடக் கதை! கூடக் கதை!" என்று நான் கத்தினேன். அவன் பேசினான். கழுத்து நரம்பு புடைக்கப் பேசினான். ஒன்றும் இந்தப் பக்கம் வரவில்லை. வரவில்லை என்று நான் தலையை ஆட்டியது அவனுக்கு விளங்கியது.

கொஞ்சம் நிறுத்தினான். சுற்றிப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்து, கூப்பிட்டான்.

அந்தக் கூப்பாடு எங்கள் கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அதற்குச் சொல் கிடையாது. அடித்தொண்டையில் தொடங்கி, மேலே ஏறி, முடிவில் உடைகிற ஒரு நீளச் சத்தம். மூச்சு எடுத்துத் திரும்ப ஒருமுறை. கடலுக்குப் போன வள்ளம் விடியப் பாரத்தோடு கரைக்கு வரும்போது, அதில் வந்தவர்களால் மட்டும் அதை மணலில் ஏற்ற முடியாது. அப்போது அப்படிக் கூப்பிடுவார்கள். கேட்டவர்கள் இருந்த இடத்திலிருந்து எழும்பிப் போய்க் கை வைக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத கோபக்காரன் வள்ளமென்றாலும் போக வேண்டும். தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போக வேண்டும். போகாதவனை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். காற்றுக்கும் அலைக்கும் மேலால் கேட்பதற்கென்று ஆக்கப்பட்ட சத்தம் அது. அந்த வலைக்கூண்டுக்குள் அது எல்லாச் சத்தத்துக்கும் மேலே வந்தது. ஒரு கணம் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது தடவையும் கூப்பிட்டான். காவல்காரன் தடியால் வலையில் அடித்தான். என் வயிற்றில் டக்கென்று கசெற் நின்றது.

அதன் பிறகு நான் அவனோடு என்ன பேசினேன் என்று நினைவில்லை. வாங்கிப்போன வாழைப்பழத்தையும் சொறிக்குப் பூசுகிற மருந்தையும் மேசையில் கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

பாரிசுக்குத் திரும்பி, அறையில் மூன்று பேருமாக இருந்து கேட்டோம். அன்றைக்கு மட்டும் எங்களைப் படிக்கட்டுக்குப் போக வேண்டாம் என்றான் மூத்தவன். நெடுநேரம் என் சேட்டு உரசுகிற சத்தம், என் மூச்சு, வண்டிகள், ஒரு பெண் அழுகை. பிறகு இரைச்சல். அதற்குள் ஒரு மனிதன் தொண்டை கிழியக் கத்துகிறான்.

"ஆர் அண்ணை இது, இந்தக் கத்துக் கத்துறது?" என்றான் பகிடிக்காரன்.

"நான்தான்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கூப்பாடு வந்தபோது மூத்தவன் கட்டிலில் இருந்து விருக்கென்று எழும்பினான். அது கூரை சரிகிற பக்கம். தலை மோதிய சத்தத்துக்கும் கசெற் நின்ற சத்தத்துக்கும் இடையில் இடைவெளி இருக்கவில்லை. நெற்றியைப் பொத்திக்கொண்டு, "அவன்தான்," என்றான். "அம்மாவுக்கு இது காணும்."

கசெற் போனது. குளிர் தொடங்குகிற நேரத்தில் தாயின் பதில் வந்தது.

"கேட்டன் மோனை. என்ர பிள்ளைதான். நடுவில ஒரு மனிசன் நிண்டு கத்துறார், அவரைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லு." பகிடிக்காரன் சிரித்தேவிட்டான். நானும் சிரித்தேன். தாய் விடாமல் பேசிக்கொண்டு போனார். "பிள்ளை கரைக்கு வந்திட்டு நிண்டு கூப்பிடுது. இழுக்க ஒருத்தரும் இல்லையோ? நீ வெளிநாட்டிலதானே இருக்கிறாய், அவனும் அங்கைதானே இருக்கிறான். போய் இழுத்து எடன். அந்தக் கத்தின மனிசன் எங்கட கரை எண்டாய். கூப்பிட்டது கேட்டும் கை வைக்காமலோ வந்தவர்? இன்னொருக்காக் கூப்பிடச் சொல்லி அனுப்பு. நான் இப்ப ஒவ்வொரு நாளும் நேர்த்தி வைக்கிறன்."

அதற்கு மூத்தவன் பதில் பதிந்து அனுப்பவில்லை. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டிருந்தான். தன் மேல்முறையீடு சரிவந்தால் தானே போவேன் என்று என்னிடம் சொன்னான். அது சரிவரவில்லை.

ஒருநாள் பாலத்தடிக் கடையில் அரிசி வாங்கிக்கொண்டு நின்றபோது, புதிதாக வந்த ஒருவர் பாங்கொக் முகாமில் இருந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு விசாரிக்கக் கூச்சம். அரிசிப் பையோடு அவருக்குப் பின்னால் நின்றேன். அவராகவே சொன்னார்.

"எங்கட மன்னார்ப் பொடியன் ஒருத்தன் இருந்தவன். பார்வை நாள் வந்தா ஆரின்ரையோ ஆக்கள் வந்து நிக்க, இவன் கையைக் குவிச்சு ஒரு கூப்பாடு போடுவான். இவனைப் பார்க்க எண்டு ஒருத்தரும் வாறேல்லை. காவல்காரன் அடிச்சும் பார்த்தவன். நிப்பாட்டேல்லை."

"இப்ப எங்கை?" என்று நான் கேட்டேன்.

"விடிய ஒருநாள் கொஞ்சப் பேரைப் பெயர் கூப்பிட்டு எயார்போட்டுக்குக் கொண்டு போட்டினம். அதில அவனும். கொழும்புக்குத்தான்."

கொழும்பில் இறங்கினான் என்று பிறகு ஒருவர் மூலம் தெரிந்தது. அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வரவில்லை. எந்தத் தடுப்பு முகாமிலும் அவன் பெயர் இல்லை என்றார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூத்தவன் றெக்கோடரை எடுத்து மேசையில் வைத்தான். அதன் மேலே ஈரத் துவாய் ஒன்றைப் போட்டான். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டான். றேடியோவை நிலையம் எதுவும் பிடிக்காத இடத்தில் இரைய விட்டான். பகிடிக்காரனிடம், "நீ வாயில வந்த பாஷையில கத்து," என்றான். பிறகு என்னிடம் திரும்பினான்.

"அண்ணை, நீங்களும் அந்தக் கரைதானே. இன்னொருக்கா வேணுமெண்டு கேக்கிறா. ஒருக்கா மட்டும்."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. தம்பியின் கூப்பாடென்று தாய்க்கு அனுப்பப் போகிறான். தானே கூப்பிட்டால் தாய்க்குத் தெரிந்துவிடும் என்று பயந்தான். பெற்ற மூத்த பிள்ளையின் குரல். என் குரல் அவருக்குக் கத்துகிற மனிசனின் குரலாகத்தான் தெரியும், கூப்பாட்டில் தெரியாது.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. எழும்பி, நிமிர்ந்து நிற்கக்கூடிய பக்கத்துக்குப் போய், கையைக் குவித்தேன். பகிடிக்காரன் கத்தத் தொடங்கினான். நான் மூச்சை எடுத்தேன். சிறுவயதிலிருந்து எத்தனையோ விடியலில் கூப்பிட்டிருக்கிறேன். சத்தம் தொண்டையில் ஏறி, பாதியில், ஒரு ஆடு கத்துவது போல உடைந்து விழுந்தது. திரும்பவும் முயன்றேன். கீழ் வீட்டுக் கிழவி துடைப்பக் கட்டையால் தன் கூரையில் இடித்தாள். பகிடிக்காரன் நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்த்தான்.

"காணும் அண்ணை," என்றான் மூத்தவன். குழாயைப் பூட்டினான். றேடியோவை நிறுத்தினான். துவாயை எடுத்து, பிழிந்து, கொடியில் போட்டான். கசெற்றை ஆரம்பத்துக்குச் சுற்றினான். பிறகு, "கொஞ்சம் வெளியில இருங்கோ," என்றான்.

நானும் பகிடிக்காரனும் படிக்கட்டில் போய் இருந்தோம். உள்ளே பொத்தான் அழுத்துகிற சத்தம் கேட்டது. "அம்மா," என்றான். நிறுத்தினான். சுற்றினான். திரும்ப அழுத்தினான். "அம்மா." திரும்ப நிறுத்தினான். விளக்கு அணைய அணையப் பகிடிக்காரன் எழும்பி அழுத்திக்கொண்டிருந்தான். ஒருமுறை அணைந்த பிறகு அவன் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை. உள்ளே அவன் பேசத் தொடங்கிவிட்டான். என்ன பேசினான் என்று கேட்காமல் இருப்பதற்காக நான் இரண்டு படி கீழே இறங்கி இருந்தேன்.

தாயின் பதில் வர இந்தமுறை நெடுநாள் எடுத்தது. குறைவாகத்தான் பேசியிருந்தார். என்னைப் பற்றியோ கூப்பாட்டைப் பற்றியோ ஒன்றும் இல்லை. "ஒரு ஞாயிறு செத்தவனுக்கெண்டு பூசை ஒப்புக்கொடுக்கிறன், மற்ற ஞாயிறு இருக்கிறவனுக்கெண்டு நேர்த்தி வைக்கிறன். சாமியார் ஏசினவர். ஏசட்டும்," என்றார். அதற்குப் பிறகு கசெற் வெறுமனே ஓடியது. பின்னால் ஒரு கோழியும் கடல் இரைச்சலும் கேட்டன.

மூத்தவன் பிறகு கடிதம் எழுதத் தொடங்கினான். பகிடிக்காரனுக்கு வேலை செய்யுமிடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை கிடைத்துப் போய்விட்டான். றெக்கோடர் என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் படிக்கட்டில் போய் இருக்க வேண்டிய தேவை எங்கள் அறையில் இல்லாமல் போயிற்று.